ரத்தம் பூசிய கண்

தகடு அமுக்குகிற புது பிரஸ்ஸுக்கு ஆடு அறுத்த அன்று பட்டறையில் இருந்தவர்கள்: மேலாளர் துர்துபெக், முதலாளியின் தங்கை புருஷன். கத்தி பிடித்த ஓர்மோன், சம்மட்டிப் பிரிவிலேயே தலை நரைத்தவர். எலக்ட்ரீஷியன் பெய்ஷென். கூட்டிப் பெருக்கும் லியூபா. பிரஸ் ஓட்டப்போகிற இரண்டு பெண்கள், அனார்குல், ஜூரா. இயந்திரத்தோடு எல்லை தாண்டி வந்த சீன எஞ்சினியர் லியாங். அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லக் கூட்டிவந்த, சீனம் பேசும் துங்கான் இனத்துக்காரர் ஒருவர். அப்புறம் ஆடு. எல்லோரிலும் சத்தம் போடாமல் நின்றது ஆடு ஒன்றுதான்.

அறுப்பதற்கு முன்னால் லியாங் ஒரு வித்தை காட்டினார். பிரஸ்ஸின் முன்பக்கம் இடுப்பு உயரத்தில் தொடங்கி இரண்டு மஞ்சள் கம்பங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கண்ணாடிப் பட்டை. லியாங் பெடலை மிதித்தார். மேல் அச்சு இறங்கியது. பால் கேன் மூடியை ஒரே அமுக்கில் வளைக்கிற அச்சு அது. அது பாதி இறங்கியபோது அவர் தன் வெறுங்கையை உள்ளே நீட்டினார். லியூபா கத்தியேவிட்டாள். அச்சு நின்றது. யாரோ பிடரியைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. லியாங் விரல்களை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்.

"இந்தக் கம்பத்திலேர்ந்து அந்தக் கம்பத்துக்கு வெளிச்சம் போகுதாம். நம்ம கண்ணுக்குத் தெரியாதாம். குறுக்கே கை வந்தா மெஷின் தானா நின்னுருமாம்" என்றார் துங்கான்காரர்.

"அப்ப இதுக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் ஜூரா. "என் வீட்டுக்காரருக்கே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கண்.

பிறகு ஓர்மோன் ஆட்டை வாசற்படியில் கிடத்தினார். உள்ளங்கைகளை விரித்து, இந்த இரும்பு யார் ரத்தமும் கேட்காமல் இருக்கட்டும், கேட்கிற ரத்தத்தை இப்போதே எடுத்துக்கொள்ளட்டும் என்று வேண்டினார். கத்தி போட்டார். மூன்று விரல்களை ரத்தத்தில் நனைத்து பிரஸ்ஸின் நெற்றியில் இழுத்தார். பக்கத் தூண்களில் இழுத்தார். மஞ்சள் கம்பங்களில் மேலிருந்து கீழாக, ஒன்று விடாமல், நன்றாக அழுத்தி இழுத்தார்.

லியாங் ஓடிவந்தார். கைக்குட்டையை எடுத்துக் கம்பத்தைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னார். துடைப்பதுபோலக் காற்றில் கையை ஆட்டினார். துங்கான்காரர் தோல் உரிக்க ஒரு கை கொடுக்க வெளியே போயிருந்தார். ஓர்மோன் லியாங்கின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வேண்டிப் பூசின ரத்தத்தைத் துடைக்கக் கூடாது. உங்க ஊர்ல எப்படியோ. இங்க அது தானா காய்ஞ்சு உதிரணும்."

"அருவருப்புப்படுறாரு, பெரியவரே. விடுங்க" என்றான் பெய்ஷென்.

ஈரல் வெந்ததும் லியாங்குக்கு முதல் துண்டைக் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டார். கம்பங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். துங்கான்காரர் இறைச்சிப் பங்கோடு முன்னதாகவே வீட்டுக்குப் போயிருந்தார். லியாங் மாலையே வண்டி ஏறிவிட்டார்.

மறுநாள் காலை ஜூரா நாரின் ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். இறந்துபோன அண்ணனுக்கு நாற்பதாம் நாள் படையல். முதல் ஷிப்டும் இரண்டாம் ஷிப்டும் அனார்குல் தலையில் விழுந்தன. அவள் பெடலை மிதித்தாள். அச்சு அசையவில்லை. கம்பத்தின் உச்சியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெய்ஷென் பேனலைத் திறந்தான், மூடினான், திறந்தான். லியாங்கின் நம்பருக்கு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. துர்துபெக் வந்து பின்னால் நின்றார். முன்பு சந்தையில் ஆடு மாடு வாங்கி விற்றவர் அவர். நோய்வாய்ப்பட்ட மாட்டைப் பார்ப்பதுபோல் பிரஸ்ஸைப் பார்த்தார்.

"என்னதான் பிரச்சினை இதுக்கு?"

"உள்ள கை இருக்குன்னு நினைக்குது, அண்ணே. அதான் இறங்க மாட்டேங்குது."

"யார் கை?"

"யார் கையும் இல்ல. கண்ணு பழுதாயிருச்சு போல. வழியிலயே குலுங்கியிருக்கும்."

"மந்தைங்க மேய்ச்சலுக்கு மலையேறுறதுக்குள்ள கேன் வேணும்னு பால் கூட்டுறவுக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். குலுங்கிருச்சுன்னு அவன்கிட்ட சொல்லவா? ஓட வை."

பெய்ஷென் அனார்குல் கையில் டார்ச்சைக் கொடுத்தான். அவள் பேனலுக்குள் வெளிச்சம் காட்டினாள். அவன் ஒரு துண்டுச் சிவப்பு ஒயரை எடுத்து, பல்லால் நுனியை உரித்து, இரண்டு திருகுகளுக்கு நடுவே பாலம் போட்டான்.

"இனிமே கண்ணு பாக்குதா இல்லையான்னு மெஷின் கேக்கவே கேக்காது. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "கைய உள்ள விடாத, அக்கா. குறடுல எடு" என்றான்.

பெடலை மிதித்தாள். அச்சு இறங்கியது, மூடி வளைந்து வந்தது. துர்துபெக் பேனலைப் பூட்டி சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். சிவப்பு விளக்கின் மேல் பெய்ஷென் கறுப்பு டேப் ஒட்டினான்.

"அந்த எஞ்சினியர் கிடைக்கிற வரைக்கும்தான்" என்றார் துர்துபெக். "அதுவரைக்கும் இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். வெளிய போச்சுன்னா தொழிற்சாலை ஆய்வாளர் வந்து சீல் வெப்பான். அனார்குல், இனி பிரஸ் பிரிவுக்கு நீதான் தலைவி."

அனார்குல் தலையாட்டினாள். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பதவியை அவள் பல வருஷமாக எதிர்பார்த்திருந்தாள். தவிர அவளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை இருந்தது. பழைய பிரஸ்களுக்குக் கண்ணே கிடையாது. குறடால் வைத்து, குறடால் எடுத்து, கால் பெடலிலிருந்து விலகியதா என்று பார்த்த பிறகே அடுத்த அசைவு என்று அவற்றில் வேலை செய்து பழகியவள். அந்த வாரம் பிரஸ் ஒரு மூடிகூடக் கெடாமல் ஓடியது.

ஜூரா திரும்பி வந்தாள்.

ஜூராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனார்குலுக்கு அவள் சம்பந்தியாகப் போகிறவள். ஜூராவின் மகனுக்கும் அனார்குலின் மகள் மீரிமுக்கும் பேசி முடித்தாயிற்று. வசந்தத்தில் ஜூரா சொந்த பந்தத்தோடு வந்து, வழக்கப்படி, தன் கையாலேயே மீரிமின் காதில் தோடு போட்டிருந்தாள். பெரிய கை அவளுக்கு. அந்தச் சின்னத் தோட்டுத் திருகை அந்த விரல்கள் எப்படிப் பிடித்தன என்று எல்லோரும் கேலி செய்தார்கள். இலையுதிர்காலத்தில் கல்யாணம்.

வந்த முதல் நாளே ஜூரா குறடை ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையால் தகடு வைத்தாள்.

"குறடை எடு" என்றாள் அனார்குல்.

"எதுக்கு? கண்ணு இருக்குல்ல."

"இருந்தாலும் எடு."

"தலைவியானதும் குரலே மாறிப்போச்சே, சம்பந்தி. குறடுல எடுத்தா நேரம் இழுக்குது. கையில எடுத்தா உன்னை முந்திருவேன்னு பயமா?" ஜூரா கம்பத்தின் உச்சியைப் பார்த்தாள். "இது என்ன, கறுப்பா ஒட்டியிருக்கு?"

அந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். பிரஸ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு வார்த்தை போதும். ஆனால் ஜூராவிடம் சொன்ன விஷயம் மாலைக்குள் சந்தைக்குப் போய்விடும். சந்தையிலிருந்து ஆய்வாளரிடம் போகும். பிரஸ் நிற்கும். டார்ச் பிடித்தது யார் என்று கேட்பார்கள்.

"விளக்கு கண்ணக் கூசுது. அதான் ஒட்டினோம்" என்றாள்.

அன்றிலிருந்து அனார்குல் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. ஜூராவின் ஷிப்டில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பிரஸ் பக்கத்திலேயே நின்றாள். மூடிகளை அடுக்கினாள், எண்ணெய் விட்டாள், துடைத்ததையே துடைத்தாள். உண்மையில் அவள் பார்த்தது ஒன்றைத்தான். ஜூராவின் வலது கை உள்ளே போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது. மற்றவர்கள் குறடு பிடிக்கும்போது காட்டுகிற அக்கறைகூட அந்தக் கையிடம் இல்லை. தொட்டிலுக்குள் கைவிடுவதுபோல் அச்சுக்குள் கைவிட்டாள் ஜூரா.

"என்னை வேவு பாக்குறியா?" என்று ஒரு நாள் கேட்டாள் ஜூரா. "உன் கணக்கை முந்திட்டேனேன்னு எரியுதா?"

"இல்ல. பாட்டி வீட்டுக்கு மீரிம் போயிருக்கா. வீட்ல யாரும் இல்ல."

"அப்ப வீட்ல போய்த் தூங்கு. கண்ணுக்குக் கீழ பாரு, ரெண்டு கேன் தொங்குது."

இன்னொரு நாள் ஒரு மூடி அச்சில் ஒட்டிக்கொண்டது. ஜூரா அதைப் பெயர்க்கக் குனிந்தாள். அவள் கால் பெடலிலேயே இருந்தது. மேல் அச்சு இறங்கத் தொடங்கியதை அனார்குல் பார்த்தாள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மூடி பெயர்ந்து வந்துவிட்டது. ஜூரா அதை வீசிவிட்டு, அந்த வேகத்திலேயே அடுத்த தகட்டைச் செருகிக் கையை இழுத்தாள். அச்சு அமுங்கியது. அவளுடைய நீல மேல்சட்டையின் கைநுனி கிழிந்து தொங்கியது.

"சனியன், விளிம்புல மாட்டிக் கிழிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு ஜூரா கைநுனியை மடித்துவிட்டுக்கொண்டாள். விளிம்பில் மாட்டியதென்றே நம்பினாள். கண் இருக்கும்போது வேறு எப்படி நினைப்பாள்?

அனார்குல் குனிந்து, இப்போது அமுங்கிய மூடியை எடுத்தாள். ஓரத்தில் விரலளவு நீலத் துணி அமுங்கி ஒட்டியிருந்தது. பிய்த்தாள். துணி வந்துவிட்டது, அதன் நெசவு வரவில்லை. குறுக்கும் நெடுக்குமான நூல்கள் தகட்டில் அப்படியே பதிந்திருந்தன. அவள் அந்த மூடியைத் தன் அலமாரியில், கோட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தூக்கிப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பெய்ஷெனிடம் போனாள்.

"அந்த ஒயரை எடு."

"எடுத்தா ஓடாது."

"ஓட வேணாம்."

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? சாவி அவர்கிட்ட இருக்கு." பெய்ஷென் சிகரெட்டை நசுக்கினான். "அக்கா, நான் மூணு பிள்ளைக்காரன். ஜூரா அக்காகிட்ட நீங்களே சொல்லிரலாமே. உங்க சம்பந்திதானே."

துர்துபெக்கிடம் போனாள். அவர் போனை வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அந்த லியாங் கிடைச்சிட்டான். அடுத்த வாரம் வர்றேங்குறான். கூட்டுறவுக்காரங்க வெள்ளிக்கிழமை மெஷினைப் பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் பொறு."

"அதுக்குள்ள அவ கை போயிட்டா?"

"ஏன் போகுது? உன் கை போச்சா?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

"அப்ப தெரிஞ்சவதான் சொல்லியிருக்கணும்" என்றார் துர்துபெக். மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "ஒயர் போட்ட அன்னைக்கு டார்ச் பிடிச்சது நீ. நான் மறக்கல. ஆனா நானா யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். குடி, ஆறிரும்."

அவள் குடித்தாள். வெட்கம்கெட்ட விஷயம் என்னவென்றால் தேநீர் நன்றாக இருந்தது.

அதன்பின் ஜூராவிடம் சொல்வது ஒவ்வொரு நாளும் கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஓர் எச்சரிக்கை. இன்று சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே பக்கத்தில் நின்றாள். நின்று என்ன செய்வாளாம்? அன்று குரலே வரவில்லையே.

வெள்ளிக்கிழமை மதியம், ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு, கூட்டுறவிலிருந்து மூன்று பேர் வருவதாக ஏற்பாடு. ஓர்மோன் தொழுகைக்குப் போயிருந்தார். பெய்ஷென் மோட்டார் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். துர்துபெக் லியூபாவைக் கூப்பிட்டு, மெஷின் பளபளக்க வேண்டும் என்றார்.

லியூபா இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். காய்ந்த ரத்தம் பழுப்பாகிச் செதில் விட்டு, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் இல்லாத சமயம் பார்த்து சுடுதண்ணீரும் சோடாவும் கொண்டுவந்தாள். நெற்றியைத் துடைத்தாள், தூண்களைத் துடைத்தாள். மஞ்சள் கம்பங்களை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தாள்.

"கறுப்பு மேல கறுப்பா அப்பியிருக்கு, தெரியவே இல்ல" என்று முணுமுணுத்தாள். "சாமி கும்பிடுறது நீங்க, கழுவுறது நான்." உச்சியிலிருந்த டேப்பையும் அழுக்கென்று நினைத்து உரித்துப் போட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

அனார்குல் அதைப் பார்த்தாள். லியூபாவின் வாளியைப் பார்த்தாள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. லியாங் கைக்குட்டையோடு காற்றில் கை ஆட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. கண் பழுதாகவே இல்லை. கண்ணில் ரத்தம் இருந்தது. அதைத்தான் அந்த மனுஷன் சொன்னான். ஒரு ஈரத்துணி போதும் என்று சொன்னான்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. பாதிச் சிரிப்பிலேயே அது நின்றுபோனது. கண் இப்போது பார்க்கிறது. ஆனால் ஒயர் இன்னும் பேனலுக்குள் இருக்கிறது. மெஷின் கேட்காது.

"அட, கண்ணு முழிச்சிருச்சு!" என்று பின்னால் ஜூராவின் குரல் கேட்டது. தலைத்துணியை இறுக்கிக்கொண்டே வந்தாள். "பாருங்கடி, பச்சை! அந்தச் சீனாக்காரன் கைய விடுறதுக்கு முன்னாடியும் பச்சைதான் எரிஞ்சுது."

துர்துபெக் விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். கம்பளி ஃபெல்ட் தொப்பி வைத்த இரண்டு ஆண்கள், ஒரு குண்டான பெண். துர்துபெக்கும் பச்சை விளக்கைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. பச்சை என்றால் நல்லது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். படுத்த மாடு எழுந்துவிட்டது. ஒயரை அவர் அந்த நிமிஷமே மறந்திருப்பார்.

"உங்க பொண்ணுங்க கையெல்லாம் பத்திரமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "போன வருஷம் எங்க பால் பண்ணையில ஒருத்திக்கு ரெண்டு விரல் போச்சு. அதிலேர்ந்து மெஷினைப் பார்த்தாலே எனக்குப் பயம்."

"இதுக்குக் கண்ணு இருக்கு, அக்கா" என்றாள் ஜூரா. "நீங்க பாத்ததில்லையா? நான் காட்டுறேன்."

"காட்டு, ஜூரா, காட்டு" என்றார் துர்துபெக்.

ஜூரா கைநுனியைச் சுருட்டிக்கொண்டாள். நீலத்தில் வெள்ளை நூலால் தைத்த ஒட்டு தெரிந்தது. பெடலை மிதித்தாள். அச்சு இறங்கியது. அனார்குல் பாய்ந்து சிவப்புப் பொத்தானில் உள்ளங்கையால் அறைந்தாள். பிரஸ் மொத்தமாக அடங்கியது.

"என்ன இது?" என்றார் துர்துபெக்.

"கைய விடாத" என்றாள் அனார்குல்.

"ஏன்?" என்றாள் ஜூரா.

அவள் துர்துபெக்கைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாக்குறா. நரம்பு தளர்ந்துபோச்சு." பொத்தானைத் தானே திருகி விடுவித்தார்.

"பொறாமை, அக்கா" என்றாள் ஜூரா அந்தப் பெண்ணிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் இவளுக்கு சம்பந்தி. நாலு பேர் முன்னாடி நான் நிக்கிறதை இவளால பாக்க முடியல. நாளைக்கு என் மருமகளையும் இப்படித்தான் வளத்து அனுப்புவா போல. தள்ளு சம்பந்தி."

"கண்ணு வேலை செய்யாது, ஜூரா."

"பச்சை எரியுதே, உனக்குத்தான் கண்ணு தெரியலையா?" ஜூராவின் கால் மறுபடியும் பெடலுக்குப் போனது.

பேசி முடிக்க நேரமில்லை. லியூபாவின் கையிலிருந்த விளக்குமாறைப் பிடுங்கினாள் அனார்குல். ஜூராவைத் தோளால் இடித்துத் தள்ளினாள். பெடலைத் தானே மிதித்து, விளக்குமாற்றுக் கட்டையை மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே நீட்டினாள்.

விளக்கு சிவப்பானது. கண் பார்த்துவிட்டது.

அச்சு நிற்கவில்லை. அதே வேகத்தில், அதே நிதானத்தில் இறங்கியது. கட்டை எலும்பு முறிகிற சத்தத்தோடு முறிந்தது. அச்சு கீழே போய் அமுங்கி, மூச்சு விட்டு, மேலே போனது. கீழ் அச்சில் கட்டை சப்பையாக, ஈரமாக, வட்டமாகக் கிடந்தது.

குண்டான பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் வெளியே நடந்தார்கள். துர்துபெக் அவர்கள் பின்னால் ஓடினார். "ஒரு நிமிஷம், அண்ணே, ஒரு சின்ன ஒயர்தான்..." என்கிற குரல் முற்றத்தில் தேய்ந்தது.

ஜூரா அந்தச் சப்பைக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"நீ நாரினுக்குப் போனப்போ."

"அப்ப நான் வந்த முதல் நாள் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"விளக்கு கண்ணக் கூசுதுன்னு சொன்னியே."

அனார்குல் முறிந்த கட்டையின் மிச்சத்தைக் கீழே வைத்தாள்.

ஜூரா தன் கைநுனியைப் புரட்டி வெள்ளை நூல் ஒட்டைப் பார்த்தாள். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. "நீ பக்கத்துலயே நின்னுட்டு இருந்த. தினமும். நான் பொறாமைன்னு நினைச்சேன். பொறாமையா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லடி." குரல் உயரவே இல்லை. "என் கை உள்ள போறதையும் வர்றதையும் எண்ணிட்டு நின்னியா?"

"நான் சொல்லணும்னுதான்..."

"சொல்லல."

ஓர்மோன் தொழுகை முடிந்து வந்தார். முற்றத்திலேயே விஷயம் காதில் விழுந்திருந்தது. கட்டையைப் பார்த்தார். வெறுமையாகப் பளபளத்த கம்பங்களைப் பார்த்தார். லியூபாவின் வாளியைப் பார்த்தார்.

"துடைச்சிட்டீங்களா? நான் சொன்னேனே. துடைச்ச அன்னைக்கே ரத்தம் கேட்டிருச்சு பாரு."

"உங்க ரத்தம்தான் பெரியவரே அதுக்குக் கண்ணை மறைச்சுது" என்றாள் அனார்குல். கிழவர் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

துர்துபெக் திரும்பி வந்தார். முகம் வெந்திருந்தது. விருந்தாளிகளின் வண்டி புழுதி கிளப்பிப் போய்விட்டது.

"கோட்டை எடுத்துக்கிட்டு வெளிய போ" என்றார் அனார்குலிடம். "இனி இந்தப் பக்கம் வராத. கூட்டுறவை விரட்டிட்ட. நாளைக்கு ஆய்வாளர் வருவான்." பிறகு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் ஓர்மோனிடம் சொன்னார்: "நல்ல ஆடா ஒண்ணு பாருங்க. மறுபடி அறுப்போம்."

"முதல்ல சாவியக் குடுங்க" என்றாள் ஜூரா.

"எந்தச் சாவி?"

"பேனல் சாவி. பெய்ஷென் வந்ததும் ஒயரை நான் பாக்க எடுக்கட்டும். அப்புறம் ஆட்டை அறுங்க, ஒட்டகத்தை அறுங்க. கம்பத்துல மட்டும் யாராவது விரலை வெச்சீங்க, அந்த விரலை நானே உள்ள விடுவேன்." பெரிய கையை நீட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் மடங்கவில்லை. துர்துபெக் கொத்திலிருந்து சாவியைக் கழற்ற நேரமானது. ஆனாலும் கழற்றினார்.

அனார்குல் அலமாரியைக் காலி செய்தாள். கோட்டு, செருப்பு, தேநீர்க் கிண்ணம். கோட்டுக்குப் பின்னால் அந்த மூடி. அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு வேண்டாமென்று கையிலேயே எடுத்துக்கொண்டாள்.

ஜூரா இரும்புக் கதவு வரைக்கும் கூட நடந்து வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று ஒரு கணம் நினைத்தாள் அனார்குல். வாசற்படியில் ஆட்டு ரத்தத்தின் கறை இன்னும் மங்கலாக இருந்தது. ஜூரா மூடியை அவள் கையிலிருந்து வாங்கினாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். நூல்கள் பதிந்த இடத்தில் விரல் நின்றது. மறுபடியும் தடவினாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"மீரிம் காதுத் தோடு..." என்று ஆரம்பித்தாள் அனார்குல்.

"அது அவ காதுல இருக்கட்டும். அவ என்ன பண்ணா?" ஜூரா நிமிர்ந்தாள். "கல்யாணம் நடக்கும். நீயும் வருவ, வராம இருக்க முடியாது. ஆனா விருந்துல என் பக்கத்துல உக்காராத. எங்கயாவது தள்ளி உக்காரு."

"ஜூரா, உன் கை..."

"இருக்கு" என்றாள் ஜூரா. "போ."

அனார்குல் படியிறங்கினாள். திரும்பிப் பார்த்தபோது கதவின் விளிம்பைப் பிடித்திருந்த ஐந்து விரல்கள் மட்டும் தெரிந்தன. அப்புறம் அவையும் உள்ளே போயின. கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் இழுபட்டது, பூட்டு விழுந்தது.